முதலில் கீல் விழுவது எங்கே? – வாசகர் கேள்வி பதில்

நிலநடுக்கத்துக்கு ஆர்.சி.சி. ஃப்ரேமை (கம்பி போட்ட கான்கிரீட் தூணும் உத்தரமும் சேர்ந்த எலும்புக்கூட்டை) எந்த முறையில் டிசைன் செய்வது, எந்த முறை உசத்தி என்று இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. எட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயர், ஊர் போடவில்லை. கேட்டவர்களுக்குத் தங்கள் கேள்வி தெரியும். தலைப்பில் உள்ள 'கீல்' என்பது, ஆட்டத்தில் கம்பி நிரந்தரமாக நீண்டு, உத்தரத்தின் அல்லது தூணின் முனை கதவுக் கீல்போல் வளையத் தொடங்கும் இடம்.

முதுகலை மாணவர் ஒருவர்: ஐந்து மாடி, 15 மீட்டர் உயர ஃப்ரேம் ஒன்றை இரண்டு முறையிலும் செய்தேன். ஈக்விவலன்ட் ஸ்டாட்டிக் முறையில் வந்த பேஸ் ஷியரில் பாதிதான் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறையில் வருகிறது. ஆனால் விதிநூல் அதைப் பழைய அளவுக்கே பெருக்கச் சொல்கிறது. அப்படியானால் இவ்வளவு கஷ்டப்பட்டு டைனமிக் அனாலிசிஸ் எதற்கு?

நல்ல கேள்வி. புதியவர்களுக்கு ஒரு வரி: ஈக்விவலன்ட் ஸ்டாட்டிக் முறை நிலநடுக்கத்தை நிலையான ஒரு கிடைவிசையாக வைத்துக்கொள்ளும். ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறை கட்டடம் ஆடும் ஒவ்வொரு வடிவத்துக்கும் (அதுதான் 'மோடு') உரிய விசையை அலைவுநேரத்தை வைத்து ஒரு கோட்டிலிருந்து எடுத்துக் கூட்டும், அது டைனமிக் அனாலிசிஸில் ஒரு வகை. பேஸ் ஷியர் என்பது அடியில் வரும் மொத்தக் கிடைவிசை. பாதி எங்கே போனது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

இந்திய விதிநூலின் சூத்திரப்படி உங்கள் கட்டடத்தின் அலைவுநேரம் (ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்கும் நேரம்) 0.075-ஐ உயரத்தின் முக்கால் அடுக்கால் பெருக்கினால் வருவது. 15 மீட்டருக்கு 0.57 விநாடி. உங்கள் மாடலில் 1.14 விநாடி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெக்ட்ரம் கோட்டின் அந்தச் சரிவில் அலைவுநேரம் இரட்டித்தால் விசை பாதி. உங்கள் புதிர் அவ்வளவுதான், டைனமிக்ஸ் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

எது நிஜம், 0.57-ஆ, 1.14-ஆ? உங்கள் மாடலில் சுவர் இல்லை, படிக்கட்டு இல்லை, விரிசல் விட்ட உத்தரத்துக்கு 35 சதவீதமும் தூணுக்கு 70 சதவீதமும்தான் விறைப்பு கொடுத்திருப்பீர்கள். வெறும் எலும்புக்கூடு. நிஜக் கட்டடத்தில் செங்கல் சுவர் இருக்கிறது, அது ஆரம்பத்தில் ஃப்ரேமைவிட விறைப்பாக நிற்கும். சூத்திரம் வந்த வழியும் வேறு. நிலநடுக்கத்தின்போது நிஜக் கட்டடங்களில் பதிவான அலைவுநேரங்களை வைத்து, வேண்டுமென்றே கீழ்விளிம்பை ஒட்டி வரைந்த கோடு அது. மாடலில் ஆளாளுக்கு ஒரு விறைப்பைப் போட்டு விசையைக் குறைத்துக்கொண்டே போய்விடக் கூடாது என்பதற்கான கடிவாளம். அமெரிக்க விதிநூலும் முன்பு ஸ்டாட்டிக் விசையில் 85 சதவீதம் வரை இறங்க இடம் கொடுத்தது. 2016 பதிப்பில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு 100 ஆக்கிவிட்டார்கள்.

அலைவுநேரம் நீண்டால் எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் பழைய ஏரிப்படுகையின் களிமண் சுமார் 2 விநாடித் தாளத்தில் ஆடியது. ஒரு விநாடியில் ஆரம்பித்த நடுத்தர உயரக் கட்டடங்கள் விரிசல் விட்டு, தளர்ந்து, அந்தத் தாளத்துக்குள் தாங்களே நடந்துபோய்ச் சிக்கின.

சரி, டைனமிக் எதற்கு? விசை மொத்தம் எவ்வளவு என்பதற்காக அல்ல, அது எந்த மாடிக்கு எவ்வளவு போகிறது என்பதற்காக. ஸ்டாட்டிக் முறையில் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசையைப் பங்கு போடுகிறோம். அது முதல் மோடின் வடிவத்துக்குக் கொடுத்த தோராயம். மேல்மாடி சட்டென்று சுருங்கினால், ஒரு மாடி மட்டும் உயரமாக இருந்தால், நிறை ஒரு பக்கமாக ஒதுங்கி முறுக்கல் வந்தால், அந்தத் தோராயம் கைவிட்டுவிடும். உங்களுடையது சீரான ஐந்து மாடி. அதனால்தான் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த தடவை மேல் இரண்டு மாடியைப் பாதி அகலத்துக்குக் குறைத்துச் செய்து பாருங்கள், அந்த இடத்துத் தூண்களின் மொமென்ட்டில் (வளைக்கும் திருப்புவிசையில்) வித்தியாசம் தெரியும்.

ஒரு கிளைச் செய்தி. ஸ்டாட்டிக் முறையைப் 'பழைய முறை' என்று எழுதியிருக்கிறீர்கள். பழசுதான். 1908-இல் மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமான பிறகு இத்தாலியில் ஒரு குழு உட்கார்ந்து, கீழ்மாடிக்கு அதற்கு மேலுள்ள எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, மேல்மாடிகளுக்கு எட்டில் ஒரு பங்கு கிடைவிசை என்று எழுதியது. 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் பத்தில் ஒரு பங்கு என்று சட்டமாக்கியது. ஸ்பெக்ட்ரம் என்ற எண்ணத்தை மோரிஸ் பையோ 1932-லேயே தன் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். ஆக, உங்கள் 'புதிய முறை'க்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது.

இரண்டு வருட அனுபவமுள்ள பொறியாளர்: ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முடிவில் ஒரு ஜாயின்டில் சேரும் மொமென்ட்களைக் கூட்டினால் பூஜ்யம் வரவில்லை. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை, குறி தொலைந்துவிட்டது. முதல் மோடில் ஒரு தூணின் ஷியர் (குறுக்கே வெட்டும் விசை) 300, இரண்டாவது மோடில் மைனஸ் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் உச்சமும் ஒரே கணத்தில் வராது. அதனால் 420 என்று கூட்டவும் முடியாது, 180 என்று கழிக்கவும் முடியாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறோம், 323 வருகிறது. வர்க்கம் எடுத்ததும் குறி போய்விடும், எல்லாம் பிளஸ். அருகருகே அலைவுநேரமுள்ள மோடுகள் இருந்தால் அவற்றுக்கிடையே உள்ள தொடர்பையும் சேர்க்கும், 1981-இல் வந்த சி.க்யூ.சி. கூட்டலைப் பயன்படுத்துகிறோம், அதிலும் இறுதி விடை பிளஸ்தான். ஒவ்வொரு மோடும் தனித்தனியே சமநிலையில் இருக்கும். கூட்டிய விடை இருக்காது.

இதனால் வரும் நிஜமான ஆபத்து வேறு. தூணின் ஆக்சியல் (நெடுக்கு) விசையையும் மொமென்ட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் பிளஸ் என்று நினைத்து அமுக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவோம். ஓரத் தூணில் நிலநடுக்கம் மேல்நோக்கி இழுக்கும் நிலைதான் பல நேரம் மோசமானது. ஆகவே பிளஸ், மைனஸ் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

சைட் சூப்பர்வைசர்: மேடம், வரைபடத்தில் 'ஆர் = 5' என்று போட்டிருக்கிறார்கள். விசை ஐந்தில் ஒரு பங்காகிறது என்கிறார் எங்கள் எஞ்சினியர். ஆனால் ரிங் கம்பி மட்டும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டச் சொல்கிறார். விசையைக் குறைத்தபின் ரிங்கை ஏன் கூட்ட வேண்டும்?

தம்பி, இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான். அந்த ஐந்து சும்மா வந்ததல்ல. அந்த ரிங்தான் அதற்கு விலை.

கட்டடம் துளியும் சேதமில்லாமல் நிற்க வேண்டுமென்றால் வரும் விசை 100 என்று வையுங்கள். அதற்கு டிசைன் செய்தால் தூணும் உத்தரமும் குதிர் மாதிரி ஆகிவிடும். அதனால் 20-க்கு மட்டும் டிசைன் செய்கிறோம். மீதி 80 எங்கும் ஓடிவிடாது. உத்தர முனைகளில் கம்பி ஈல்டு ஆகி (பழைய நீளத்துக்குத் திரும்பாத நிலைக்குப் போய்), இழுபட்டு, திரும்ப அமுங்கி, மறுபடி இழுபட்டு, அந்த ஆற்றலை விழுங்க வேண்டும். கான்கிரீட் உதிராமல் இருந்தால்தான் கம்பியால் அதைச் செய்ய முடியும். உதிராமல் அணைத்துப் பிடிப்பது ரிங். அதை ஒழுங்காகக் கட்டாத சாதாரண ஃப்ரேமுக்கு அதே விதிநூல் 3 மட்டுமே தருகிறது.

வேறு நாட்டு நூல்களில் 8 என்று பார்த்துவிட்டு நம்முடையது கஞ்சத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். நேராக ஒப்பிடக் கூடாது. இந்திய முறையில் அந்த 5-ஆல் வகுத்த பிறகு 1.5 என்ற சுமைக்காரணியால் பெருக்குகிறோம், அமெரிக்க முறையில் நிலநடுக்கத்துக்கு அது 1.0. டிசைனுக்கு எடுக்கும் அதிர்வு இங்கே உச்ச அதிர்வில் பாதி, அங்கே மூன்றில் இரண்டு. இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி வகுத்த பிறகுதான் யார் கஞ்சன் என்று சொல்லலாம்.

ரிங்கில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று இடைவெளி. நிலநடுக்கக் கம்பி விவரங்களுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்புப்படி உத்தர முனையில், ஆழத்தைப் போல் இரு மடங்கு தூரம் வரை, ஆழத்தில் கால் பங்கு, மெலிந்த முதன்மைக் கம்பியின் விட்டத்தை வைத்து வரும் ஓர் அளவு, 100 மி.மீ., இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது. 450 ஆழத்துக்குக் கால் பங்கு 112. ஆக 100-ஐத் தாண்டாமல் கட்டுவீர்கள். முதன்மைக் கம்பி மெலிந்தால் இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அங்கே மெல்லிய கம்பி போட மாட்டார்கள்.

இன்னொன்று கொக்கி. 135 டிகிரிக்கு வளைத்து, நுனி கான்கிரீட்டின் உள்வயிற்றுக்குள் போக வேண்டும். நுனி நீளம் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, 65 மி.மீ.க்குக் குறையாமல். நான் ஒருமுறை வார்ப்புக்கு முந்தைய மாலை ஒரு தளத்துக்குப் போனேன். தூண் கம்பி எல்லாம் நிறைந்து, நூல் பிடித்ததுபோல் அழகாக நின்றது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் கொக்கிகள் எல்லாம் 90 டிகிரி. எல் எழுத்து மாதிரி மடித்து, கவர் கான்கிரீட் (ரிங்குக்கு வெளியே உள்ள மேலுறை) வரவேண்டிய இடத்திலேயே படுத்துக் கிடந்தன. நிலநடுக்கத்தில் முதலில் உதிர்வது அந்தக் கவர்தான். அது போனால் கொக்கி கதவைத் திறந்ததுபோல் விரியும், முதன்மைக் கம்பி வெளியே பிதுங்கும். கம்பி கட்டியவர், “மேடம், எடை ஒண்ணுதான், எண்ணிக்கை ஒண்ணுதான், வளைவுல என்ன இருக்கு?” என்றார். அன்று வார்ப்பை நிறுத்தினேன், திட்டும் வாங்கிக்கொண்டேன்.

வளைவில் என்ன இருக்கிறது என்பதற்கு 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனை சாட்சி. புத்தம் புதுக் கட்டடம். ஒரே கட்டடத்தின் கீழ்மாடியில் சுருள்கம்பி சுற்றிய தூண்கள் சாய்ந்து கோணிப்போயும் எடையைத் தாங்கிக்கொண்டே நின்றன. சாதாரண ரிங் போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கிப் போயின.

கட்டட வடிவமைப்பாளர் ஒருவர்: கணக்குப்படி 300க்கு 450 தூண் போதும் என்று மென்பொருளே பச்சை காட்டியது. ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் 300க்கு 600 ஆக்கிவிட்டார். கேட்டால் 'கெப்பாசிட்டி டிசைன்' என்கிறார். இது தனி முறையா, பயமா?

முறைதான். என்னைக் கேட்டால் மற்ற எல்லா முறைகளையும்விட முக்கியமான முறை. ஏனென்றால் மற்றவை எல்லாம் 'எவ்வளவு விசை' என்று கேட்கின்றன, இது 'எது முதலில் உடைய வேண்டும்' என்று கேட்கிறது. நியூசிலாந்தில் ராபர்ட் பார்க், டாம் பாலே போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. பாலே ஒரு சங்கிலியைக் காட்டி விளக்குவார். எல்லாக் கண்ணிகளும் உடையக்கூடியவை, ஒன்று மட்டும் இழுபடக்கூடியது. அந்த ஒன்றை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பலவீனமாக வைத்தால் சங்கிலி முழுவதும் இழுபடும் சங்கிலியாகிவிடும்.

ஃப்ரேமில் அந்தக் கண்ணி உத்தரத்தின் முனை. உத்தர முனைகளில் கீல் விழுந்தால் எல்லா மாடிகளும் சேர்ந்து சாய்ந்து சேதத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். தூணின் தலையிலும் காலிலும் கீல் விழுந்தால் அந்த ஒரு மாடி மட்டும் முழுச் சாய்வையும் வாங்கி மடங்கும். மேலே உள்ளவை அப்படியே உட்காரும்.

உங்கள் ஜாயின்டையே எடுத்துக்கொள்வோம், எண்கள் என் கற்பனை. இடப்பக்க உத்தரம் மேலே விரிசல் விடும் திசையில் 220 கிலோநியூட்டன் மீட்டர் தாங்கும், வலப்பக்கம் கீழே விரிசல் விடும் திசையில் 140. கூட்டினால் 360. மேல்தூண், கீழ்த்தூண் இரண்டின் தாங்குதிறனும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் விதிநூல்கள் பிரிகின்றன. அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 1.2 மடங்கு, ஐரோப்பாவின் யூரோகோட் 1.3, இந்திய நூல் 1.4. அதாவது 432, 468, 504. மென்பொருள் பச்சை காட்டியபோது தூணுக்கு வந்த மொமென்ட்டை மட்டும் பார்த்தது. பக்கத்து உத்தரத்தால் எவ்வளவு தள்ள முடியும் என்று அது பார்க்கவில்லை.

தளத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். உத்தரத்துக்குக் கணக்கு மூன்று கம்பி கேட்டிருக்கும், 'இருக்கட்டும், பாதுகாப்புக்கு' என்று யாரோ நான்காவதைச் சொருகிவிடுவார்கள். புவியீர்ப்புச் சுமைக்கு அது பாதுகாப்பு. நிலநடுக்கத்தில் அந்த நான்காவது கம்பி உத்தரத்தைத் தூணைவிட வலுவாக்கிக் கீலைத் தூணுக்குத் தள்ளிவிடலாம். ஸ்லாபில் உத்தரத்தோடு சேர்ந்து ஓடும் கம்பியும் அதே வேலையைச் செய்யும். அது 220-ஐச் சத்தமில்லாமல் 270 ஆக்கிவிடும், கணக்கில் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பொறியாளர் 600-ஐக் குறைக்க ஒரே நேர்மையான வழி உத்தரத்தைக் குறைப்பது. இருவரும் உட்கார்ந்து அதைப் பேசுங்கள்.

கல்லூரி ஆசிரியர்: இடப்பெயர்ச்சி அடிப்படையிலான டிசைன் என்று பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. மாணவர்கள், “விசை முறையில் கடைசியில் டிரிஃப்ட் (மாடிச் சாய்வு) சரிபார்க்கிறோமே, அதுவும் இடப்பெயர்ச்சிதானே, இதில் என்ன புதுசு?” என்கிறார்கள்.

மாணவர்கள் கேட்டது நியாயம். பதிலைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள், ஓர் உத்தரத்தில் தொடங்குங்கள்.

கரும்பலகையில் 300க்கு 600 உத்தரம் இரண்டு வரையுங்கள். ஒன்றில் மூன்று கம்பி, மற்றதில் ஆறு. எது விறைப்பு அதிகம்? பெரும்பாலானோர், 'இரண்டும் ஒன்று, அளவு ஒன்றுதானே' என்பார்கள். விசை முறையும் அதைத்தான் சொல்கிறது. அளவைப் பார்த்து விறைப்பு, விறைப்பைப் பார்த்து அலைவுநேரம், அதைப் பார்த்து விசை, விசையைப் பார்த்துக் கம்பி. கம்பி கடைசியில்தான் வருகிறது.

இப்போது இன்னொரு கேள்வி. இரண்டில் எது எவ்வளவு வளைந்தபோது கம்பி ஈல்டு ஆகும்? 500 கிரேடு கம்பி ஈல்டு ஆகும் திரிபு 500-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 0.0025. மூன்று கம்பியானாலும் ஆறு கம்பியானாலும் அதே 0.0025. நடுநிலை அச்சும் பெரிதாக நகராது. ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே வளைவில் ஈல்டு ஆகின்றன. ஆனால் அந்த வளைவில் ஒன்று தாங்கும் மொமென்ட் மற்றதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. மொமென்ட்டை வளைவால் வகுத்தால் விறைப்பு. அப்படியானால் ஆறு கம்பி உத்தரம்தான் விறைப்பு அதிகம்! விறைப்பு அளவைச் சேர்ந்ததல்ல, வலிமையோடு கூடவே ஏறுவது. வலிமை தெரியாமல் விறைப்பு தெரியாது, விறைப்பு தெரியாமல் விசை முறையைத் தொடங்கவே முடியாது. ஆய்வாளர் நைஜல் பிரீஸ்ட்லி 1990-களில் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான். வகுப்பில் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

அடுத்தது ஃப்ரேம். ஆர்.சி.சி. ஃப்ரேம் ஈல்டு ஆகும் மாடிச் சாய்வுக்குப் பிரீஸ்ட்லியும் கூட்டாளிகளும் ஒரு சூத்திரம் தந்தார்கள். கம்பியின் ஈல்டு திரிபை உத்தர நீளத்தால் பெருக்கி, உத்தர ஆழத்தால் வகுத்து, பாதியாக்குங்கள். அவ்வளவே. 6 மீட்டர் உத்தரம், 600 மி.மீ. ஆழம்: 1.25 சதவீதம். 3 மீட்டர் மாடிக்கு 37 மி.மீ. சொச்சம். ஆழத்தை 450 ஆக்கினால் 1.67 சதவீதம், 50 மி.மீ. கம்பி எத்தனை என்று இந்தக் கணக்கில் எங்குமே கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இதை வைத்து விசை முறையைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம். இந்திய நூலில் டிசைன் விசைக்கு மாடிச் சாய்வு 0.4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஐந்தால் வகுத்த விசைக்கு 0.4 என்றால் நிஜச் சாய்வு ஏறக்குறைய 2 சதவீதம். ஈல்டு 1.25-இல். 2-ஐ 1.25-ஆல் வகுத்தால் டக்டிலிட்டி, அதாவது ஈல்டு சாய்வைப்போல் எத்தனை மடங்கு சாய்கிறது என்பது, 1.6. நாம் ஐந்தால் வகுத்தோம், கட்டடமோ இரண்டைக்கூடத் தொடவில்லை! மீதி எங்கிருந்து வந்தது? கூடுதல் வலிமையிலிருந்து, குறைந்த அலைவுநேரத்துக்கு எடுத்த விசையிலிருந்து, கவனிக்காமல் விட்ட சுவர்களிலிருந்து. 'ஆர் என்பது டக்டிலிட்டி' என்று பாடத்தில் எழுதிப்போடும்போது இதையும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அதே ஃப்ரேமில் ஒரு விரி (தூணுக்குத் தூண் தூரம்) 6 மீட்டர், பக்கத்து விரி நடைவழிக்காக 3 மீட்டர், ஆழம் ஒன்றே என்று வையுங்கள். குட்டை உத்தரம் பாதிச் சாய்விலேயே ஈல்டு ஆகிவிடும். ஆக அதன் முனையில் டக்டிலிட்டித் தேவை இரு மடங்கு. ஒரு கட்டடத்துக்கு ஒரே ஆர் என்பது நிர்வாக வசதி.

நேரடி இடப்பெயர்ச்சி முறையில் பாதை தலைகீழ். எவ்வளவு சாய அனுமதிப்பது என்று முதலில் தீர்மானிக்கிறோம், 2 சதவீதம் என்று வையுங்கள். டக்டிலிட்டி 1.6. கம்பி மாறிமாறி ஈல்டு ஆவதால் ஆற்றல் கரையும், அதைச் சமமான டேம்பிங்காக (ஆட்டத்தைத் தணிக்கும் அளவாக) எழுதினால் 5 சதவீதம் சுமார் 12 ஆகிறது. அதற்கேற்ப இடப்பெயர்ச்சி ஸ்பெக்ட்ரம் ஏறக்குறைய 0.7 பங்குக்குத் தாழும். அதில் நம் இடப்பெயர்ச்சியை வைத்துக் குறுக்கே போனால் தேவையான அலைவுநேரம் கிடைக்கும். அதிலிருந்து விறைப்பு. விறைப்பை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் பேஸ் ஷியர். விசை கடைசியில் வருகிறது, விடையாக. மாணவர் கேட்ட 'புதுசு' இந்த வரிசைதான்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை என்று கேட்பார்கள். நீண்ட அலைவுநேரத்துக்கு நம்பகமான இடப்பெயர்ச்சி ஸ்பெக்ட்ரம் வேண்டும், பல விதிநூல்களின் ஸ்பெக்ட்ரம் விசையை மனதில் வைத்து வரைந்தது. கோணல்மாணலான கட்டடத்தை ஒற்றை நிறையாகச் சுருக்குவதும் லேசல்ல. விதிநூல்படி ஒப்படைக்க வேண்டிய வரைபடத்துக்கு நான் விசை முறையைத்தான் செய்கிறேன். ஆனால் அந்த ஈல்டு சாய்வுக் கணக்கை ஓரத்தில் பென்சிலில் போடாமல் உத்தர ஆழத்தை முடிவு செய்வதில்லை. எந்த முறையில் வந்தாலும், முந்தைய கடிதத்தில் சொன்ன கெப்பாசிட்டி டிசைனைத் தாண்டாமல் கரை சேர முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆய்வு மாணவி: பழைய ஃப்ரேம் ஒன்றை மதிப்பிட வேண்டும். புஷ்ஓவர் போதுமா, நான்லீனியர் டைம் ஹிஸ்டரி செய்தே ஆக வேண்டுமா?

எத்தனை மாடி என்று எழுதவில்லையே அம்மா. முதல் மோடு ஆதிக்கம் செலுத்தும் குட்டையான, சீரான ஃப்ரேம் என்றால் புஷ்ஓவர் நன்றாகவே பேசும். 1990-களின் பிற்பாதியில் ஏ.டி.சி. 40, ஃபீமா 273 ஆகிய அமெரிக்க வழிகாட்டிகள் அதைப் பரப்பின, ஐரோப்பாவில் ஃபய்ஃபரின் என்2 முறை வழியாக யூரோகோடுக்குள் வந்தது. ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போய் எந்த முனை முதலில் கீலாகிறது, அடுத்து எது என்று வரிசையாகப் பார்க்கலாம். அந்த வரிசைதான் அதன் பொக்கிஷம். உயரமான கட்டடத்தில் மேல்மாடிகளை இரண்டாவது, மூன்றாவது மோடுகள் ஆட்டும், புஷ்ஓவருக்கு அது தெரியாது. முறுக்கல் இருந்தாலும் தடுமாறும்.

டைம் ஹிஸ்டரி என்பது பதிவான நிலநடுக்க அசைவைக் கணம் கணமாக மாடலுக்குக் கொடுத்துப் பார்ப்பது. அதில் ஒரே ஒரு பதிவை வைத்து ஆய்வேடு எழுதிவிடாதீர்கள். யூரோகோட் ஏழு பதிவாவது இருந்தால்தான் சராசரி எடுக்க விடுகிறது. அமெரிக்க நூல் 2016-இலிருந்து பதினொன்று கேட்கிறது. ஏழையும் ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும், ஒரே கட்டடம் ஒரு பதிவுக்குத் தலையசைக்கும், இன்னொன்றுக்கு உடைந்து விழும்.

இரண்டிலும் ஒரே பள்ளம்தான். மென்பொருள் தானாகத் தரும் கீல் குணங்கள் ரிங் ஒழுங்காக உள்ள உறுப்பை மனதில் வைத்ததாக இருக்கலாம். உங்களுடையது பழைய கட்டடம். 90 டிகிரிக் கொக்கியும் 200 மி.மீ. இடைவெளியும் உள்ள தூண் அப்படி வளையாது, அதற்கு முன்பே ஷியரில் வெடிக்கும். அந்தக் கீலை நீங்களே எழுதுங்கள். இல்லையென்றால் திரையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று அழகாக வரும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்: எங்கள் நான்கு மாடிக் கட்டடத்துக்கு டைனமிக் அனாலிசிஸ் செய்திருக்கிறார்கள். ஆகவே கீழ்த்தளத்தில் சுவரை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த வைக்கலாம் அல்லவா?

அனாலிசிஸ் செய்தபோது அந்தச் சுவர்கள் கணக்கில் இருந்தனவா என்று முதலில் கேளுங்கள். மேலே மூன்று மாடியில் சுவர், கீழே வெறும் தூண் என்றால் மேலே உள்ளது ஒரே பெட்டியாக ஆடும், சாய்வு முழுவதும் கீழ்த்தூண்களின் தலைக்கும் காலுக்கும் வரும். வெறும் ஃப்ரேமாக மாடல் செய்தால் எல்லா மாடியும் ஒரே மாதிரி தெரியும், பெரிய முறை செய்தாலும் அதே தவறான விடையைத்தான் தரும். 2001 ஜனவரி 26-இல் பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகை, கீழ்த்தளம் திறந்தவை.

வண்டி நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த மாடியைப் பலவீனமான மாடியாக ஏற்றுக்கொண்டு, இரு திசையிலும் கான்கிரீட் ஷியர் வால் (கிடைவிசையைத் தாங்கும் சுவர்) கொடுத்து மறுபடி டிசைன் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலையில் மட்டும் வால் வைத்தால் கட்டடம் முறுக்கும், அதையும் கேளுங்கள்.

வேறு ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்காக டிசைன் செய்த கட்டடம்கூடப் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு குடியிருக்கும்படி இருக்கும் என்று எந்த விதிநூலும் வாக்குக் கொடுக்கவில்லை. 2011-இல் கிரைஸ்ட்சர்ச்சில் நவீன ஃப்ரேம்கள் பல, புத்தகத்தில் சொன்னபடி உத்தர முனையில் கீல் விழுந்து, உள்ளே இருந்தவர்களை உயிரோடு வெளியே அனுப்பின. அதன் பிறகு அவற்றில் நிறைய இடிக்கப்பட்டன. அதைவிடக் கூடுதலாக வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி, அதற்கேற்ற சாய்வு வரம்போடு டிசைன் கேட்க வேண்டும்.

இன்னொரு மாணவர்: எந்த மென்பொருள் சிறந்தது?

எதுவானாலும் சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான்கு மாடி ஃப்ரேம் ஒன்றுக்கு 2.8 விநாடி அலைவுநேரம் எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாக நீட்டினேன். விசை கொஞ்சம்தான் வந்தது, சிக்கனமான டிசைன் என்று சந்தோஷம் வேறு. மூத்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் '0.4' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்த எண். ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். நிறை கேட்ட இடத்தில் எடையைக் கொடுத்திருந்தேன், 9.81-ஆல் வகுக்கவில்லை. நிறை 9.81 மடங்கு ஏறினால் அலைவுநேரம் அதன் வர்க்கமூலமான 3.13 மடங்கு ஏறும். திருத்தியதும் 0.9 வந்தது. சுவரில்லாத, விரிசல் விட்ட மாடலுக்கு 0.4-இலிருந்து அந்த அளவு விலகல் இருக்கும். ஏழு மடங்கு இருக்காது. உங்களிடம் எந்த மென்பொருள் இருக்கிறதோ அதைத் திறந்து முதல் மோடின் அலைவுநேரத்தைப் பாருங்கள், பத்தால் வகுத்ததற்கு மூன்று மடங்கைத் தாண்டினால் வேறு எந்த எண்ணையும் படிக்காமல் நேராக நிறைப் பட்டியலுக்குப் போங்கள்.